முதல் நடனத்துக்கு ஒத்து ஊதியவர்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வருடா வருடம் ஓய்வுபெற்ற ஒருவரிடம் கட்டுரை வாங்குவார்கள். பொறியியலாளர் எழுதியாகிவிட்டது. கணக்காளர் எழுதியாகிவிட்டது. பல் வைத்தியர் இரண்டு முறை எழுதிவிட்டார். இந்த வருடம் ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது, மலர்ப் பொறுப்பாளர் என் வீட்டு மணியை அடித்தார்.

"அண்ணை, உங்கட உத்தியோக அனுபவம் ஏதும் எழுதித் தாங்கோவன்."

"நான் வெள்ளைக்காரற்ற கலியாணங்களுக்குப் பாட்டுப் போட்ட ஆள், தம்பி. அதை ஆர் வாசிக்கப் போகினம்?"

"நாலு பக்கம் காலியாக் கிடக்கு அண்ணை."

அந்த நாலு பக்கத்தை நிரப்பத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் வேறு ஒரு காரணமும் உண்டு. போன மாதம் உறவுக்காரப் பெண்ணின் கலியாண வரவேற்புக்குப் போயிருந்தேன். பாட்டுப் போட வந்த பிள்ளையிடம், மணமக்களின் முதல் நடனத்துக்கு என்ன பாட்டு என்று தொழில் பழக்கத்தில் கேட்டேன். அவள் போனை நீட்டினாள்.

"இதுவே பிக் பண்ணும் அங்கிள். ஜஸ்ற் அவையின்ர மூட் என்னெண்டு போட்டாச் சரி. த்ரீ செக்கன்ஸ்."

நல்ல பிள்ளை, பாட்டும் மோசமில்லை. ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு முதல் நடனத்துக்கு நாங்கள் ஐந்து வாரம் பாடுபட்டது ஞாபகம் வந்துவிட்டது.

நான் எண்பத்தொன்பதில் ரொறன்ரோவுக்கு வந்தவன். ஊரில் கோயில் திருவிழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டிய கை. இங்கே இரண்டு வருடம் கோப்பை கழுவினேன். பிறகு ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், மீன் பொரித்து விற்கும் கடைக்குப் பக்கத்தில், கலியாணங்களுக்கு இசை வழங்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் ஸ்பீக்கர் தூக்க ஆள் தேவை என்று அறிந்து போனேன். வயர் ஒட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். ஒட்டிக் காட்டினேன். இரண்டு வருடம் தூக்கினேன், ஒட்டினேன், வான் ஓட்டினேன், பார்த்தேன். அதன்பின் இசைத்தட்டு மேசைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

நிறுத்தியவர் மோராக். நிறுவனத்தின் உரிமையாளர், அறுபது தாண்டிய ஸ்கொட்லாந்துப் பெண்மணி. ஐந்தடி உயரம் இருக்காது. கிளாஸ்கோவில் நடன ஆசிரியையாக இருந்தவர். கழுத்தில் ஒரு ஸ்டொப்வோச் எப்போதும் தொங்கும். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, தேநீரையும் நின்றபடிதான் குடிப்பார். அவர் பேசிய கிளாஸ்கோ ஆங்கிலம் கனடாக்காரருக்கே பாதி விளங்காது. என் காதில் மட்டும் அது எப்படியோ யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். முதல் வருடம் முழுக்க நான் அவரை மேடம் என்று கூப்பிட்டேன்.

"மேடமோ? நான் என்ன துணிக்கடைக் கண்ணாடிக்குள்ள நிக்கிற பொம்மையே? மோராக் எண்டு சொல்லு."

வயதில் மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழும்பவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் சொல்வேன். அவர் ஆளைப் பாராட்டவே மாட்டார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு "போதும்" என்ற ஒரு சொல். முதல் இரண்டு வருடத்தில் அதை ஒருமுறை கேட்டேன், அதுவும் வானைச் சந்துக்குள் பின்பக்கமாகச் சரியாக விட்டதற்காக.

ஸ்கொட்லாந்துக் கலியாணத்தில் சாப்பாடும் பேச்சுகளும் முடிந்ததும் மணமக்கள் இருவரும் தனியே ஆடுவார்கள். ஒரு சுற்று முடிய மாப்பிள்ளைத் தோழனும் பெண்ணின் தோழியும் சேர்வார்கள். அடுத்த சுற்றில் இரு பக்கத்துப் பெற்றோர். அதன்பின்தான் மண்டபம் எழும்பும். அந்த முதல் நடனத்துக்குப் பாட்டுத் தெரிவு செய்வதென்றால், அவர்கள் ஒரு பேரைச் சொல்வார்கள், நாங்கள் போடுவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மோராக் முதலில் பாட்டின் பேரைக் கேட்கவே மாட்டார். சோடி வந்து உட்காருவதற்கு முன்பே, "வாசலில இருந்து யன்னல் மட்டும் ரெண்டு பேரும் ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். இன்னொருக்கா என்பார். மூன்றாவது தடவை சிரிப்பு அடங்கி அவர்கள் தங்கள் பாட்டில் நடக்கும்போதுதான் ஸ்டொப்வோச்சை அமத்துவார்.

நான் கூடவிருந்த முதல் நாள் அவர் அந்தச் சோடியிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"நிமிஷத்துக்குத் தொண்ணூற்றாறு அடி. பொம்பிளை தன்ர நடையைக் குறைச்சு வாறா. மாப்பிளை தன்ர நடையைக் கூட்டி வாறார். ஒருத்தருக்காக ஒருத்தர் மாத்தி நடக்கிறியள் எண்டு உங்களுக்கே தெரியாது. சரி, இருங்கோ."

இரண்டு மனிதர் இருபது அடி தூரம் நடந்ததற்குள் இவ்வளவு கிடக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அதன்பின் ஒரு மஞ்சள் படிவம் எடுப்பார். மண்டபத் தரை மரமா, கம்பளமா. பெண் போடப்போகும் சப்பாத்தின் குதி எவ்வளவு உயரம். பார்த்துக்கொண்டிருப்பவர்களில் எழுந்து நிற்க முடியாதவர் யார், அவர் எந்த மூலையில் இருப்பார். இத்தனையும் எழுதிய பிறகுதான் பாட்டு. விரும்பிய பாட்டைக் கொண்டுவந்தால் இருவரையும் கண்ணை மூடச் சொல்லிக் கடைசிவரை கேட்க வைப்பார். மனிதர் எல்லோருக்கும் முதல் இரண்டு வரிதான் ஞாபகம் இருக்கும், அவருடைய ஊர்ப் பாட்டுகளில் மூன்றாவது சரணத்தில் யாராவது கடலில் மூழ்கிவிடுவார்கள் என்பார். அது பகிடியில்லை, நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். நீளம் இரண்டு நிமிடம் நாற்பது விநாடிக்கு மேல் போகக்கூடாது. எல்லாம் சரிவந்தால் படிவத்தில் "பாட்டு" என்ற வரியில் பேரை எழுதி அடிக்கோடு போடுவார். அந்த அடிக்கோட்டை அவர் இழுக்கும்போது சோடியின் முகத்தைப் பார்க்கவேண்டும். பதிவுத் திருமணக் கையெழுத்துக்குக்கூட அப்படி ஒரு முகம் வந்து நான் கண்டதில்லை.

நான் மேசைக்குப் பின்னால் நின்ற முதல் வருடத்தில் ஒரு பெரும் பிழை விட்டேன். தமிழனைத் தவிர வேறொருவன் அதை விட்டிருக்க முடியாது.

ஒரு தேவாலய மண்டபத்தில் கலியாணம். பெண்ணின் தகப்பன் பேச எழும்பினார். நன்றாகத்தான் தொடங்கினார். நடுவில் மகளின் பேரைச் சொன்னதும் குரல் உடைந்தது, ஒரு விம்மல் வெளியே வந்துவிட்டது. என் கை என்னைக் கேட்காமலே போய், அடுத்த ஆட்டத்துக்கென்று சத்தமில்லாமல் ஓடவிட்டிருந்த தட்டின் சத்தத்தைக் கூட்டியது. முழுச் சத்தத்தில் குதிக்கிற ஆட்டப் பாட்டு ஒன்று வெடித்தது. இருநூறு தலை என் பக்கம் திரும்பியது. தகப்பன் திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்தார். மோராக் அந்தப் பக்கத்திலிருந்து அவசரமே இல்லாமல் நடந்து வந்து, சத்தத்தை இறக்கிவிட்டு, திரும்பிப் போனார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

வானில் திரும்பி வரும்போது கேட்டார்.

"ஏன் அப்பிடிச் செய்தனி?"

வேறு வழியில்லாமல் கெட்டிமேளத்தைப் பற்றிச் சொன்னேன். தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ ஒருவர் காதிலும் விழக்கூடாது. சபையிலே ஒரு பெரியவர் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டுவார், அதைக் கண்டதும் மேளகாரர் ஓங்கி அடிப்பார், நாதஸ்வரக்காரர் உச்சத்தில் ஊதுவார். அந்த நேரம் லவுட்ஸ்பீக்கர்காரனும் சத்தத்தைக் கூட்டவேண்டும். பத்து வருடம் கூட்டிப் பழகிய கை என்றேன். விரலை ஆட்டியும் காட்டினேன்.

"எங்கட ஆக்கள் கலியாணத்துக்கு வாறதே அழத்தான்" என்றார் மோராக். கொஞ்சத் தூரம் போனபின், "அப்ப உங்கட மேளகாரர் மேளத்தைப் பார்க்கிறேல்லை, ஆக்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன?" என்று கேட்டார்.

"ஓம்."

"அது நல்லது. ஆனா இனிமேல் என்னைப் பார்த்துப்போட்டுச் செய்."

வேலை போகும் என்று பயந்திருந்தேன். அதோடு விட்டுவிட்டார். அடுத்த நாளும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

இனி, நான் சொல்ல வந்த கலியாணம். தொண்ணூற்றாறாம் ஆண்டு, இலைகள் நிறம் மாறத் தொடங்கிய காலம். பெண்ணின் பேர் கட்ரியோனா, தாதி வேலை. மாப்பிள்ளை இயன், கூரை போடுகிறவர். பெண்ணின் குடும்பம் விட்பியில் இருந்தது. அவளோடு தகப்பனும் வந்திருந்தார். டொனால்ட் என்று பேர், பெரிய உருவம், வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டபடியே இருந்தார். மோராக் இளம் சோடியை நடக்க வைத்தார். நிமிடத்துக்கு நூற்றுநாலு. துடியாட்டமான நடை.

"பாட்டு?" என்றார் மோராக்.

கட்ரியோனா தகப்பனைப் பார்த்தாள். அவர் யன்னலைப் பார்த்தார். அவள் சொன்ன கதை இதுதான். அவர்களுடைய குடும்பத்தில் பெண்ணின் முதல் நடனத்துக்குப் பெண்ணின் தகப்பன்தான் பாக்பைப் என்ற பைக்குழலை ஊதுவார். அவளுடைய தாயின் கலியாணத்தில் தாயின் தகப்பன் ஊதினார், அதற்கு முந்தியும் அப்படித்தான். டொனால்ட் முப்பது வருடம் ஊதியவர். மகளின் நடனத்துக்கென்று தானே ஒரு மெட்டும் கட்டி வைத்திருந்தார். போன மாரியில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

"ஆனா அப்பா அதை முந்தி ஒருக்கா ஊதேக்க நான் கசற்றில பிடிச்சு வைச்சிருக்கிறன்" என்று கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒருவரையும் கேளாமல், அதை எடுத்து இயந்திரத்தில் போட்டுவிட்டேன்.

என்ன ஊதல் அது! அறை நிறைந்து வழிந்தது. நான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது டொனால்ட் எழுந்து நின்றார். முகம் சாம்பலாய்ப் போயிருந்தது.

"உதை நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன். "உதில ஊதிற மனுசன் செத்துப்போனான். செத்தவன்ர சத்தத்தை என்ர பிள்ளையின்ர கலியாணத்தில போடாதேங்கோ. போட்டால் நான் மண்டபத்துக்கு வரமாட்டன்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். இயன் பின்னால் ஓடினார். கட்ரியோனா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"அப்பா ஊதாட்டி எனக்கு முதல் நடனமே வேண்டாம்" என்றாள்.

கலியாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. மோராக் படிவத்தில் "பாட்டு" என்ற வரியை வெறுமையாக விட்டு மூடி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துச் செய் என்று சொன்ன மனுசி. நான் இரண்டாம் முறையும் கேளாமல் செய்து, ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

அதன்பின் மூன்று வாரம் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். வேறொரு பாக்பைப்காரரை அழைக்கலாமா என்று மோராக் தொலைபேசியில் கேட்டார். என் மகளுக்கு இன்னொருத்தன் ஊதுவதா என்று டொனால்ட் போனை வைத்துவிட்டார். நான் பழைய இசைத்தட்டுக் கடைகளாக ஏறி இறங்கி முப்பது பாட்டுக் கொண்டுவந்தேன். கட்ரியோனா வேலை முடிந்து வந்து, கண்ணை மூடி, முப்பதையும் கடைசிவரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, இல்லை என்றாள். நோவா ஸ்கோஷியாப் பக்கத்துக் கிழவர் ஒருவர் தனியே வாசித்த பிடில் வோல்ற்ஸ் ஒன்றுக்கு மட்டும் அவள் கால் விரல்கள் லேசாக அசைந்ததை மோராக் கண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்பா இல்லையே" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போனேன். வோபர்னில் ஒரு வீட்டின் நிலவறையில் வகுப்பு. பத்துப் பிள்ளைகள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார்கள். ரீச்சருக்கு ஒரு தொலைபேசி வந்தது, மேலே போனார். பிள்ளைகள் உடனே பாட்டை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கிள்ளத் தொடங்கினார்கள். சுருதிப்பெட்டியை நிறுத்த ஒருவருக்கும் ஞாபகமில்லை. அது தன்பாட்டில் ஒரே சுரத்தில் இரைந்துகொண்டே இருந்தது. நான் சப்பாத்துகளுக்கு நடுவில் படியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று எழும்பினேன். மகள் பயந்துபோனாள்.

பாக்பைப்பில் விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல் ஒன்றுதான். தோளில் சாய்ந்திருக்கும் மற்ற மூன்று குழலுக்கும் விரலே தேவையில்லை. காற்று இருந்தால் அவை ஒரே சுரத்தில் நிற்கும். நாதஸ்வரக்காரருக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுகிறவரின் வேலைதான் அது. நம் பேச்சில் ஒருவரை ஒத்தூதுகிறவன் என்றால் ஏளனம். ஒத்து இல்லாமல் நாதஸ்வரம் ஊதச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ரீச்சர் வீட்டுத் தொலைபேசியிலேயே மோராக்கை அழைத்தேன். இந்த முறை கேட்டேன்.

"மெட்டு வாசிக்கிற குழலைக் கழட்டி அந்த இடத்தை அடைச்சுப்போட்டு, மற்றதை மட்டும் ஊதலாமா?"

மறுமுனையில் தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வானை எடுத்துக்கொண்டு வா. அந்தப் பிடில் தட்டையும் கொண்டு வா" என்றார்.

விட்பியில் அது புதிய வீட்டுத்திட்டம், மரங்கள் எல்லாம் என் உயரம்தான். டொனால்ட் எங்களை உள்ளே விட்டதே மகளுக்காகத்தான். மோராக் வழக்கப்படி நின்றார். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மெட்டு இல்லாமலோ? ஒரே சத்தத்தில இரைய நான் என்ன பிரிஜ்ஜே?"

"எங்கட கலியாணங்களில நாதஸ்வரக்காரருக்குப் பின்னால ஒருத்தர் நிப்பார் சேர். அவற்ற குழலில மெட்டு வராது, ஒரே ஒரு சுரம்தான். நாதஸ்வரக்காரர் எங்கை சுத்திப் போனாலும் அந்தச் சுரத்துக்குத்தான் திரும்பி வரவேணும். பின்னால நிக்கிறவர் நிப்பாட்டினால் முன்னால நிக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளெண்டாலும் தடுமாறிப் போவார்."

"அந்தாளுக்கு ஆர் கைதட்டுறது?"

"ஒருத்தரும் தட்டுறேல்லை."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்ப அது தகப்பன்ர வேலைதான்" என்றார்.

கட்ரியோனா முகத்தை மூடிக்கொண்டாள். ஆனாலும் தாதியல்லவா, மறுநாளே வைத்தியரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். மூன்று குழலில் இரண்டை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஊதலாம், மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடியும் போகக்கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. மோராக்கின் இரண்டு நிமிடம் நாற்பது அதற்குள் அடங்கியது.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டு நிலவறையில் ஒத்திகை. டொனால்ட் பெட்டியைத் திறந்து, இடது கையால் பையைத் தூக்கி இடது கக்கத்தில் வைத்தார். வலது கையை அவர் மனைவி எடுத்து, பையின் கீழே, ஊதாதபடி அடைத்துத் திரும்பப் பூட்டியிருந்த மெட்டுக் குழல்மேல் சும்மா வைத்துவிட்டார். ஊதினார். அந்த ஒற்றைப் பெருங்குழலின் சத்தம் முதலில் காதுக்கு வரவில்லை, உள்ளங்காலுக்கு வந்தது. அலுமாரியில் கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. நான் கோயில்களிலே எத்தனை பெரிய வித்துவான்களுக்கு மைக் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு சுரம் ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துவதை அன்றுதான் கண்டேன்.

பிடில் அவருடைய சுருதியில் இல்லை. கொஞ்சம் கீழே நின்றது. இசைத்தட்டுச் சுழலும் வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும், தாளமும் ஏறும். என் மேசையின் வேகக்கோலை எட்டுச் சதவீதம் வரைதான் நகர்த்தலாம். மெதுவாக ஏற்றினேன். இரண்டு சுருதியும் கிட்டக்கிட்ட வரும்போது நடுவில் ஒரு துடிப்புக் கேட்கும், வவ் வவ் என்று. கிட்ட வர வர அது மெதுவாகும். ஆறு, ஏழு, ஏழரை. துடிப்பு நின்றது. பிடில் அவருடைய சுரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. மோராக் ஸ்டொப்வோச்சை அமத்தினார். திரும்ப அமத்தினார். என்னிடம் காட்டினார். நிமிடத்துக்கு நூற்றுநாலு. கட்ரியோனாவும் இயனும் எங்கள் அலுவலகத்தில் நடந்த நடை.

அதற்கு நான் இன்றுவரை விளக்கம் தேடவில்லை. தற்செயல்தான்.

கலியாணம் விட்பியில், மரத்தரை போட்ட ஒரு மண்டபத்தில். மாலை ஆறரை மணி. டொனால்ட் பாவாடை போன்ற கட்டம் போட்ட உடையில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எல்லோரும் அவர் வாசிக்கப்போகிறார் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கட்ரியோனாவும் இயனும் நடுவில் போய் நின்றார்கள். ஒற்றைச் சுரம் எழுந்தது. மெட்டு வரும் வரும் என்று சனம் காத்திருந்தது. பத்து விநாடி அந்தச் சுரம் மட்டும் நின்றது. பிறகு நான் ஊசியை இறக்கினேன்.

ஒரு சுற்று. தோழனும் தோழியும் சேர்ந்தார்கள். அடுத்த சுற்றில் இயனின் பெற்றோர் வந்தார்கள். கட்ரியோனாவின் தாய் ஆடப் போகவில்லை, வந்து கணவனின் பக்கத்தில் நின்று, அவருடைய வலது கையைக் குழலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நிமிடம் தாண்டியபோது டொனால்டின் மூச்சு விழுந்தது. கழுத்து நரம்பு புடைத்தது எனக்குத் தெரிந்தது. சுரம் தளர்ந்து கீழே வழுக்கி, மாடு முனகுவதுபோல் ஒரு சத்தம் வரத் தொடங்கியது. இன்னும் ஒரு விநாடி போனால் மண்டபம் திரும்பிப் பார்க்கும். மகள் நின்றுவிடுவாள். அந்த மனிதர் திரும்ப ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் திறக்கமாட்டார். என் கை சத்தத்தைக் கூட்டத் துடித்தது. இரண்டு முறை கேளாமல் செய்து சூடுபட்ட கை. நிமிர்ந்து மோராக்கைத் தேடினேன்.

அவர் மண்டபத்தின் மறு கரையில் நின்றார். மணமக்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார். எங்கள் ஊர்ச் சபையில் பெரியவர் ஆட்டுவாரே, அதே ஆட்டு.

கூட்டினேன். பிடில் மண்டபத்தை அள்ளிக்கொண்டு எழுந்தது. முனகல் அதற்குள் போய் மறைந்தது. சனம் இதுதான் உச்சம் என்று நினைத்து ஆரவாரம் செய்து, கைகோர்த்து மணமக்களைச் சுற்றி வட்டமாக வந்துவிட்டது. அதற்குள் டொனால்ட் மூச்சை இழுத்துப் பையை நிரப்பிவிட்டார். சுரம் மேலே ஏறி வந்து தன் இடத்தில் நின்றது. நான் சத்தத்தை மெல்ல இறக்கினேன். கடைசி இருபது விநாடியும் அது அசையவில்லை.

மண்டபம் மணமக்களுக்குக் கைதட்டியது. டொனால்ட் பையை இறக்கிவிட்டு, இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, அதை என் கைக்குள் வைத்தார். விரல்கள் குளிர்ந்திருந்தன. மோராக் என்னைப் பாராட்டவில்லை. வந்து தேநீரை வாங்கிக்கொண்டு, அடுத்த தட்டைப் போடு என்று கண்ணைக் காட்டினார்.

சில வருடங்களின் பின் அவர் நிறுவனத்தை என்னிடம் விட்டுவிட்டுத் தன் ஊருக்குப் போனார். அங்கேயே காலமானார். அவருடைய மஞ்சள் படிவங்கள் பெட்டி பெட்டியாக மோர்னிங்சைட்டில் என் வீட்டு நிலவறையில் கிடந்தன. திறந்து பார்க்கும் தேவை வரவில்லை. இந்தக் கட்டுரைக்கு அந்த நடை நூற்றுநாலா நூற்றாறா என்று சரிபார்க்கத்தான் போன கிழமை இறங்கிப் போய்த் தேடினேன். அகப்பட்டது. நூற்றுநாலுதான். தரை, மரம். நீளம், இரண்டு நாற்பது. "பாட்டு" என்ற வரியை அவர் வெறுமையாக விட்டு மூடியதைத்தான் நான் கடைசியாகக் கண்டிருந்தேன். இப்போது அதில் எழுதியிருந்தது. பிடில் தட்டின் பேரை எழுதியிருப்பார் என்று நினைத்தேன். "அவளுடைய அப்பா" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அதன் கீழே குறிப்பு என்ற இடத்தில் என் பேரும், பக்கத்தில் ஒரே ஒரு சொல்லும். போதும்.

படியில் உட்கார்ந்து விம்மி அழுதேன். இந்த வயதில் வெட்கம்தான், ஆனால் அடக்க முடியவில்லை. மேலே சமையலறையில் என் மனைவிக்குக் கேட்டிருக்க வேண்டும். கூப்பிடவுமில்லை, இறங்கி வரவுமில்லை. றேடியோவைக் கூட்டிவிட்டாள்.